சரிதானே சார்?

லிஃப்ட்டக்கா போனைக் காதில் வைத்துப் பேசும்போது அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். இது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். எதிரில் நிற்கிறவர்களைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் ஒரு சார் இருந்தார். விஷயம் தெரிந்த சார். கொஞ்சம் கோபக்காரர், ஆனால் அவர் ஒரு வார்த்தை சொன்னால் அதற்கு மறுவார்த்தை கிடையாது. ஒரே ஒரு குறை, அவரை யாரும் பார்த்ததில்லை.

லிஃப்ட்டக்கா என்பது வாட்ச்மேன்கள் வைத்த பெயர். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் அவள் டெக்னீஷியன். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவள் சேர்ந்தபோது கூட இருந்தவர்களில் பாதிப் பேர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், மீதிப் பேர் தொப்பை போட்டுவிட்டார்கள். அவள் மட்டும் தோளில் டூல்ஸ் பையை மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறிக்கொண்டே இருந்தாள். லிஃப்ட் ஓடாத இடத்துக்குத்தானே அவளைக் கூப்பிடுவார்கள்? ஊரையெல்லாம் மேலே ஏற்றி அனுப்புகிறவளுக்குப் படிக்கட்டுதான் கதி. கம்பெனி கொடுத்த சட்டை ஆண்களுக்கென்று தைத்தது. தோள் தையல் அவளுக்கு முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரே ஒருத்திக்காகத் தனியாகத் தைக்க முடியுமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஒருத்திக்கு மேல் வேலைக்கு எடுத்தால்தானே தைக்கிற பேச்சே வரும்.

சார் பிறந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது மாடிக் குடியிருப்பு ஒன்றில் லிஃப்ட் தரையோடு தரையாக நிற்காமல் இரண்டு விரற்கடை கீழே இறங்கி நின்றது. வயதானவர்கள் தடுக்கி விழ ஆரம்பித்ததும் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். இவள் போனாள். லிஃப்ட்டை நிறுத்தி வைத்துவிட்டு மொட்டை மாடியில் இருந்த மெஷின் ரூமுக்கு ஏறினாள். மோட்டாரை இறுக்கிப் பிடித்து நிறுத்துகிற பிரேக் பட்டையில் எண்ணெய் இறங்கி, பட்டை வழுக்கிக்கொண்டிருந்தது. பிடிக்க வேண்டியது பிடிக்காவிட்டால் லிஃப்ட் தன் இஷ்டத்துக்கு இறங்கத்தான் செய்யும். பட்டையை மாற்ற வேண்டும், அதற்கு ஒரு நாள் முழுக்க லிஃப்ட்டை நிறுத்த வேண்டும். கீழே வந்து குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் சொன்னாள். அவர் ஓய்வுபெற்ற மனிதர். கசங்காத சட்டை, கையில் சாவிக்கொத்து, பேச்சில் மரியாதைக்குக் குறைவே கிடையாது.

“ஆள் யாரும் வரலையாம்மா?” என்றார்.

“நான்தான் சார் ஆள்.”

“அது சரி. ரிப்பேர் பாக்கற ஆள்?”

“நான்தான் சார் பாத்தேன். பிரேக் பட்டை போயிடுச்சு. மாத்தணும்.”

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது. எனக்கும் ஓட்டத் தெரியும் என்று வீட்டுக் குழந்தை காரில் ஏறி உட்கார்ந்துகொண்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

“ஒரு நாள் பூரா நிறுத்தறதுன்னா சும்மாவா? பெரியவங்க யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்மா.”

ஆபீஸைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள். சார்ஜ் தீர்ந்து, போன் கரிக்கட்டை மாதிரி கிடந்தது. செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு எதிரிலேயே நின்றார். என்ன தோன்றியதோ, செத்த போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

“வணக்கம் சார். பிரேக் பட்டையில எண்ணெய் இறங்கியிருக்கு சார். தொடைச்சா சரியாகாது, மாத்தித்தான் ஆகணும்னு நினைக்கறேன். சரிதானே சார்?… ஆமா சார். ஒரு நாள் நிறுத்தணும், இல்லையா சார்?… சரி சார். சொல்லிடறேன் சார்.”

போனைப் பையில் போட்டாள். செயலாளரின் முகம் தெளிந்துவிட்டது.

“பாத்தியா? ஒரு வார்த்தை கேட்டா விஷயம் முடிஞ்சுது. சாரே சொல்லிட்டாருன்னா அப்புறம் என்ன? நாளைக்கே நிறுத்திக்கோ.”

முதலில் அவள் சொன்னதும் அதேதான். கடைசியில் ஒரு ‘சரிதானே’யைச் சேர்த்து யாரும் இல்லாத இடத்துக்கு அனுப்பிவைத்தாள், அது அனுமதியாகத் திரும்பி வந்தது. மறுபடி மேலே ஏறும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. நாலாவது மாடியில் அழுகை வந்தது. மெஷின் ரூம் போய்ச் சேர்வதற்குள் இரண்டும் ஓய்ந்து, வேலை நடக்கப் போகிறது என்ற நிம்மதி மட்டும் மிஞ்சியது.

அதற்குப் பிறகு சார் எல்லாக் கட்டிடத்துக்கும் வர ஆரம்பித்தார். அவள் சொன்னால் “பாக்கலாம்மா” என்று இழுக்கிறவர்கள் அவர் சொன்னால் உடனே தலையாட்டினார்கள். நாளாக நாளாக அவளுக்கு அந்த வித்தை கைவந்துவிட்டது. தெரிந்ததைத் தெரியாதது போல் கேட்க வேண்டும். முடிவு செய்ததைச் சந்தேகமாகச் சொல்ல வேண்டும். நடுநடுவே “தப்புதான் சார், இனிமே பாத்துக்கறேன் சார்” என்று ஒரு திட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் திட்டு வாங்குகிற நாளில் வேலை இன்னும் சுருக்காக நடந்தது. பாவம், எங்களால் இந்தப் பெண்ணுக்குத் திட்டு என்று இரக்கப்பட்டு, கேட்ட உடனே சாவியைக் கொடுத்துவிடுவார்கள். இல்லாத மனிதன் வாயால், செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கிப் பிழைக்க வேண்டியிருந்தது அவளுக்கு. கேட்டால் இதையெல்லாம் பெரிதுபடுத்தாதே என்பார்கள். பெரிதுபடுத்தாமல்தான் அவளும் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு தடவை, இல்லாத ஆளில் ஆண் என்ன பெண் என்ன என்று துணிந்து, “வணக்கம் மேடம்” என்று ஆரம்பித்துப் பார்த்தாள். எதிரில் நின்ற கடைக்காரர் உடனே கையை ஆட்டினார். “மேடம்கிட்ட எதுக்கும்மா? சார் யாரும் இல்லையா?” மேடம் அன்றைக்கே காணாமல் போனார். கற்பனையில்கூட ஒரு பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைக்கவில்லை.

பேச்சு நிஜம் போல இருக்க வேண்டுமே என்று “சாப்பிட்டீங்களா சார்?” என்று கேட்பாள். “கால் வலி தேவலையா சார்?” என்று கேட்பாள். கால் வலியை அவருக்குக் கொடுத்ததும் அவள்தான். தன்னுடைய முழங்கால் வலியில் பாதியை எடுத்துக் கொடுத்திருந்தாள். ஆனால் அவர் ஒருநாளும் “நீ சாப்பிட்டியா?” என்று திருப்பிக் கேட்டதாக அவள் நடித்ததில்லை. அப்படிக் கேட்கிற சாரை அவள் பார்த்ததில்லை, அதனால் நடிக்க வரவில்லை.

அவள் குடியிருந்தது ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். கல்யாணம் என்று ஒன்று நடந்து, புருஷன் ஒருநாள் வேறு ஊரில் வேலை என்று போய், அங்கேயே வேறு குடும்பமும் ஆகிவிட்டது. அண்ணன் முதலில் அடிக்கடி போன் செய்தார், பிறகு எப்போதாவது செய்தார், பிறகு அண்ணி “அவரு வெளிய போயிருக்காரு” என்று சொல்ல ஆரம்பித்தாள். அறை வாடகைக்குக் கேட்டபோது வீட்டுக்காரம்மா கேட்ட முதல் கேள்வி, “கூட ஆம்பளை யாரும் இல்லையா?” என்பதுதான். அன்றைக்கே பழைய சாமான் கடையில் ஒரு ஜோடி ஆண் ஷூ வாங்கி வந்து கதவுக்கு வெளியே வைத்தாள். வாரத்துக்கு ஒருமுறை துடைத்து, கொஞ்சம் இடம் மாற்றி வைப்பாள். யாரோ வந்து போகிற மாதிரி இருக்கும். ராத்திரி மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டால் அந்த ஷூ வெளியே இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்வாள், தூக்கம் வந்துவிடும்.

ஒரு லீவு நாள் சாயங்காலம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது திடீரென்று அவளுக்கு உறைத்தது. தன் குரல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

“சார், இன்னிக்கி லீவு சார். சும்மாதான் கூப்பிட்டேன்.”

எதிரில் யாரும் இல்லை. ஏமாற்ற வேண்டிய ஆளும் இல்லை. ஆனாலும் பேசினாள். ஜன்னலில் தண்ணீர் ஒழுகுவதைச் சொன்னாள். ஒரு கட்டிடத்தில் பழைய மோட்டார் ஒன்று இன்னும் எவ்வளவு அழகாக ஓடுகிறது என்று சொன்னாள். சார் குறுக்கே பேசவில்லை. “அது இருக்கட்டும்” என்று சொல்லவில்லை. அவள் முடிக்கும்வரை கேட்டார். வைக்கும்போது அவளுக்கு மனசு லேசாக இருந்தது, அப்புறம் பயமாகவும் இருந்தது. பைத்தியம் பிடித்துவிடுமோ என்ற பயம். ஆனால் அடுத்த லீவு நாளும் பேசினாள்.

இப்படி இருக்கையில் கம்பெனியில் சூப்பர்வைசர் ஓய்வுபெற்றார். அந்த இடம் காலியானது.

அவளுக்கு அந்த இடம் வேண்டும். வாய்விட்டு யாரிடமும் சொல்லாவிட்டாலும் அவ்வளவு வேண்டும். சூப்பர்வைசர் ஆனால் பை தூக்க வேண்டாம், மாடி ஏற வேண்டாம், முழங்காலுக்கு நல்லது, எல்லாம் உண்மைதான். ஆனால் அவள் ஆசைப்பட்டது அதற்காக இல்லை. வேலை நடக்கும் இடத்தில் எதுவும் புரியாமல் போனால் எல்லா டெக்னீஷியன்களும் சூப்பர்வைசருக்குத்தான் போன் செய்வார்கள். பழைய சூப்பர்வைசரின் போன் அடித்துக்கொண்டே இருக்கும். மனுஷன் எரிச்சலில் போனைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். அதைப் பார்த்து அவள் பொறாமைப்பட்டிருக்கிறாள். தன் போனும் அப்படி அடிக்க வேண்டும். அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளுக்கு இவள் பதில் வேண்டியிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அனுபவத்தில் அவள்தான் மூத்தவள். மேனேஜர் அவளைவிட வயதில் சின்னவர், படித்தவர், எல்லோரையும் வாங்க போங்க என்பவர். கட்டிடம் கட்டிடமாகப் போய் விசாரித்துவிட்டுத்தான் முடிவு செய்வேன் என்றார். விசாரித்துவிட்டு அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

“எல்லா எடத்துலயும் கேட்டேன். உங்க வேலையில ஒரு குறை சொல்லல. ரொம்ப சந்தோஷம்.”

அவள் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள்.

“ஆனா எல்லாரும் இன்னொண்ணும் சொல்றாங்க. அந்த சார் ரொம்ப கெட்டிக்காரராம். நீங்க எதைத் தொட்டாலும் அவரைக் கேட்டுத்தான் தொடுவீங்களாம். அவரு மட்டும் இல்லன்னா இந்தம்மா என்ன பண்ணுவாங்கன்னு ஒருத்தர் என்னையே கேக்கறாரு. யாருங்க அவரு?”

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. இத்தனை வருஷம் அவள் செய்த வேலையெல்லாம் அவர் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தது.

“அப்படி ஒரு ஆளே இல்ல சார்.”

“இல்லன்னா?”

“நானாத்தான் பேசிக்குவேன். போன்ல யாரும் இருக்க மாட்டாங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க. சார் சொன்னாருன்னா கேக்கறாங்க. அதுக்காக…”

மேனேஜர் மெல்லச் சிரித்தார். “யாரையோ காப்பாத்தறீங்க. தன் வேலையை விட்டுட்டு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தாருன்னு நான் கோவிச்சுக்குவேன்னு நினைக்கறீங்க. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அதுல ஒண்ணும் தப்பில்லீங்க. அந்த மாதிரி ஆளைத்தான் நான் தேடிட்டிருக்கேன்.”

“இந்தாங்க சார் போன். நீங்களே பாருங்க. யாருக்குமே நான் போன் பண்ணினது இருக்காது.”

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “லேடீஸ் போனை வாங்கிப் பாக்கற பழக்கம் எனக்கில்லீங்க.” அவ்வளவு கண்ணியமான மனிதர். அந்தக் கண்ணியத்தில் அவளுக்கு வர வேண்டிய இடம் போயிற்று.

கம்பெனியில் அவளுக்கு அடுத்தபடி மூத்த டெக்னீஷியனை எல்லோரும் மீசை என்பார்கள். அவரிடம் இருந்ததில் பெரியது அதுதான். மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, “நீங்கதானே அவங்களுக்குப் போன்ல சொல்லிக் குடுக்கறது? நீங்களா சொல்லிக்க மாட்டீங்கன்னு தெரியும்” என்றார். மீசை தலையைச் சொறிந்தார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார். “ஏதோ… நமக்குத் தெரிஞ்சதை நாலு பேருக்குச் சொல்றதுதானே சார்” என்றார். அந்த வாரமே அவர் சூப்பர்வைசர்.

டீ குடிக்கிற இடத்தில் அவள் அவரை மடக்கினாள். “ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?”

“நான் என்னம்மா சொன்னேன்? ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. அவரா முடிவு பண்ணிட்டாரு.” டீயை ஊதிக்கொண்டே சொன்னார். முகத்தில் கொஞ்சம் வெட்கம் இருந்ததையும் சொல்லத்தான் வேண்டும். “எனக்கு ரெண்டு பசங்க. படிக்க வைக்கணும். உனக்கென்ன, தனி ஆளு.”

தனி ஆளு. வீட்டுக்காரம்மா கேட்டபோது அது குற்றமாக இருந்தது. இவர் வாயில் அதுவே வசதியாக மாறியிருந்தது.

அடுத்த வாரம் அதே ஒன்பது மாடிக் குடியிருப்புக்குப் போக வேண்டியிருந்தது. கதவு மூடியதை லிஃப்ட்டுக்குச் சொல்கிற, பூட்டுக்குள் இருக்கும் காண்டாக்ட் தேய்ந்து, லிஃப்ட் நின்று நின்று போனது. அதை மாற்ற வேண்டும். செயலாளர் இப்போது இன்னும் கொஞ்சம் தளர்ந்திருந்தார், சட்டை மட்டும் அப்படியே கசங்காமல் இருந்தது.

“சாரைக் கேட்டியாம்மா?”

பழக்க தோஷத்தில் கை தானாகப் போனை எடுத்துக் காதில் வைத்தது. “வணக்கம்” என்று வாயைத் திறந்தாள். அந்தப் பக்கம் மீசையின் முகம் வந்து நின்றது. இத்தனை வருஷமாக முகமே இல்லாமல் இருந்தவர் சார். மழை பெய்த அன்றைக்கு ஜன்னல் ஒழுகலை முழுக்கக் கேட்டவர். அவருக்குப் போய் இந்த மீசையை ஒட்டிவிட்டார்கள். போனை இறக்கினாள்.

“சார் இறந்துட்டாரு சார்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. செயலாளர் சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். “என்னம்மா சொல்றே? உள்ள வா. முதல்ல உள்ள வா.”

அந்த வீட்டு வாசலில் எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். உள்ளே கூப்பிட்டது அன்றைக்குத்தான். நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். செயலாளரின் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள்.

“என்ன வயசு அவருக்கு?” என்றார் செயலாளர்.

“என் வயசுதான் சார் இருக்கும்.”

“அடப்பாவமே. குடும்பம்?”

“யாரும் இல்ல சார். தனி ஆளு.”

“உனக்கு ரொம்ப ஆதரவா இருந்திருப்பாரு” என்றாள் அந்த அம்மா, அவள் தோளில் கையை வைத்து.

“நான் பேசறதை முழுசாக் கேப்பாரும்மா” என்றாள் லிஃப்ட்டக்கா. அதோடு அணை உடைந்துவிட்டது. நடிப்பு இல்லை. தேம்பித் தேம்பி அழுதாள். புருஷன் போனபோதுகூட அவள் அப்படி அழுததில்லை. அவர்கள் இரண்டு பேரும், பிறக்கவே இல்லாத மனிதனுக்காக உண்மையாகவே வருத்தப்பட்டார்கள். அவளுக்காக யாராவது இப்படி வருத்தப்படுவார்களா என்று அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு யோசனை வந்து போனது. பதில் தெரிந்த கேள்விதான்.

அழுகை ஓய்ந்ததும் செயலாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இனிமே யாரைம்மா கேப்பே?”

“யாரையும் கேக்க வேண்டாம் சார். கதவு காண்டாக்ட் தேஞ்சிருக்கு. நாளைக்கு லிஃப்ட்டை நிறுத்தி மாத்தறேன்.”

கேள்வி இல்லாமல், சரிதானே இல்லாமல் சொன்னாள். அவர் வாயைத் திறந்தார், மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள், மூடிக்கொண்டார். துக்கத்தில் இருக்கிறவளிடம் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? “சரிம்மா” என்றார்.

நல்ல மனிதர்கள் செய்வதைத்தான் அவர் அடுத்துச் செய்தார். துக்கம் விசாரிக்கக் கம்பெனிக்குப் போன் செய்தார். எடுத்தது மீசை. “உங்க சார் தவறிட்டாராமே, அந்தம்மாவுக்குப் போன்ல சொல்லிக் குடுப்பாரே அவரு” என்று செயலாளர் ஆரம்பிக்க, தன் சாவுக்குத் தானே அனுதாபம் வாங்கிக்கொள்ள வேண்டிய நிலை மீசைக்கு. “ஆமாங்க, ரொம்ப நல்ல மனுஷன்” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டதாக ஆபீஸில் பேசிக்கொண்டார்கள். மேனேஜர் காதுக்கும் அது போயிற்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. கொடுத்த வேலையைத் திரும்பப் பிடுங்குவது அசிங்கம், அதைவிட அவள் சொன்னது உண்மை என்று ஒப்புக்கொள்வது இன்னும் அசிங்கம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் கதவுக்கு வெளியே இருந்த ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சார் போய்விட்டார், இதையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று குனிந்தாள். கை போகவில்லை. சாரைக் கொல்லத் துணிந்தவளுக்கு ஷூவை எடுக்கத் துணிச்சல் வரவில்லை. இருட்டுக்கும் மாடிப்படிக்கும் இன்னும் அது தேவைப்பட்டது. வழக்கம் போலத் துடைத்து, கொஞ்சம் இடம் மாற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். லீவு நாள் வந்தது. போனை எடுக்கவில்லை. எடுத்து யாரிடம் பேச? அந்த அறை இவ்வளவு சத்தமில்லாத அறை என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

அப்புறம் ஒருநாள் மத்தியானம். ஒரு கட்டிடத்தில் வேலையை முடித்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். பைக்குள் ஏதோ மணி அடித்தது. யாருடைய போனோ என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். அது அவளுடையது. கையைத் துடைத்துக்கொண்டு எடுப்பதற்குள் நின்றுவிடப் போகிறதே என்று பதறி எடுத்தாள்.

“சார், வணக்கம் சார்” என்றது மீசையின் குரல்.

“அண்ணே, நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க. நான்தான் பேசறேன்.”

“தெரியும் சார். ஆமா சார்.” பின்னால் பல பேர் ஒரே நேரத்தில் பேசுவது கேட்டது. “இங்க ஒரு பில்டிங்ல நிக்கறேன் சார். லிஃப்ட் நாலாவது மாடியைத் தாண்டும்போது மட்டும் நின்னுடுது சார். மத்த மாடியில ஒழுங்கா போகுது. கன்ட்ரோலரையே மாத்தணும்னு நினைக்கறேன். சரிதானே சார்?”

அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ‘சரிதானே சார்.’ அவள் செதுக்கிச் செதுக்கி வைத்திருந்த வாக்கியம். அதே இழுப்பு, அதே பணிவு. ஒரு பெண்ணைக் கேட்டுத்தான் வேலை செய்கிறார் என்று எதிரில் நிற்கிறவர்களுக்குத் தெரிந்தால் சூப்பர்வைசர் மரியாதை என்ன ஆவது? அதனால் அவளைச் சாராக்கிவிட்டார். செத்துப்போன சார் இப்போது அவளாக எழுந்து உட்கார்ந்திருந்தார்.

விடை அவளுக்குத் தெரியும். அவர் பாதி சொல்லும்போதே தெரிந்துவிட்டது. லிஃப்ட்டையே ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். நாலாவது மாடிக் கதவுப் பூட்டின் உருளை கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். லிஃப்ட் தாண்டும்போது அதில் உரசி, கதவு திறந்துவிட்டதாக நினைத்து நின்றுவிடும். ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் போதும். சொல்லிவிடலாம். அவள் ஆசைப்பட்டது இதற்குத்தானே? போன் அடித்தது, அந்தப் பக்கம் ஆள் இருக்கிறது, அந்த ஆளுக்கு இவள் பதில் வேண்டும். இன்றைக்குச் சொன்னால் நாளைக்கும் அடிக்கும். தினமும் அடிக்கும். அவளைச் சார் என்று கூப்பிட்டுக்கொண்டே அடிக்கும். அந்த ஆசை அவளை எவ்வளவு இழுத்தது என்று அவளுக்குத்தான் தெரியும்.

“உள்ள யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?” என்று கேட்டாள்.

“இல்ல சார். யாரும் இல்ல சார்.”

“அப்ப ஸ்பீக்கர்ல போடுங்கண்ணே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்றேன்.”

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. அந்த மௌனம் அவளுக்கு நன்றாகத் தெரிந்த மௌனம். அதோடுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறாள். யாரோ ஒருவர், “என்ன சொல்றாரு உங்க சார்?” என்று கேட்பது தூரத்தில் கேட்டது.

“சார் யோசிக்கறாரு” என்றார் மீசை.

“நான் யோசிக்கலண்ணே” என்றாள் அவள். குரல் படிக்கட்டில் மேலும் கீழும் எதிரொலித்தது. “யோசிக்க வேண்டியது நீங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

பதில் இல்லை. போனை வைக்கவும் இல்லை. மீசை மூச்சு விடுவது மட்டும் கேட்டது. தானாக அடித்து அவள் எடுத்த போனில், அந்தப் பக்கம் ஒரு உயிருள்ள ஆள் மூச்சு விடுவதைக் கேட்டு எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அவளுக்கு வைக்க மனம் வரவில்லை. டிபன் பாக்ஸை மூடி ஓரமாக வைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, காத்திருந்தாள்.